தாலுகா கோர்ட் வக்கீல்களுக்கு ஒரு குமாஸ்தா மகளின் நன்றி

மதிப்பிற்குரிய வழக்கறிஞர்களுக்கு,

சட்ட இதழ்களில் உங்கள் பெயர் வருவதில்லை. உயர் நீதிமன்றத் தீர்ப்பு அச்சாகும்போது அங்கே வாதாடியவர்களின் பெயர் இருக்கும், நீதிபதியின் பெயர் இருக்கும். அந்த வழக்கைக் கட்சிக்காரரின் வாயிலிருந்து முதன்முதலில் கேட்டு, பிராதாக எழுதி, செக் ஸ்லிப்போடு திரும்பி வந்ததைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்து, சாட்சியைக் கூண்டில் ஏற்றி, நீதிபதிகள் மாறிப் போனபோதெல்லாம் கட்டைப் பிரித்து முதலிலிருந்து சொன்னவர் யார் என்று படிப்பவருக்குத் தெரியாது. முன்சீப் கோர்ட்டிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் செஷன்ஸ் கோர்ட்டிலும் விசாரணை நடத்துகிற உங்களுக்குத்தான் இந்த மடல்.

நான் வக்கீல் குமாஸ்தாவின் மகள். தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஊரில், ஒரே வக்கீலய்யாவிடம் என் அப்பா வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தார். கோர்ட் கட்டண வில்லை எங்கே ஒட்டுவது, சம்மனுக்கு எப்போது பேட்டா கட்டுவது, அமீனா எந்தக் கிழமை எந்தக் கிராமத்துக்குப் போவார் என்பதெல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுப் பேச்சு. அந்த அலுவலகத்துத் திண்ணையில் உட்கார்ந்து பாடம் படித்து வளர்ந்ததால், உங்களில் பலரை அங்கி போடுவதற்கு முன்பிருந்தே எனக்குத் தெரியும். நீங்கள் எங்கிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள் என்பதைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

வக்கீல் என்றால் வக்கீல் வீட்டுப் பிள்ளை, தாத்தா காலத்துச் சட்டப் புத்தகங்கள், கண்ணாடி அலமாரி என்று வெளியே ஒரு நினைப்பு உண்டு. எங்கள் ஊர் பாரில் அப்படி வந்தவர்கள் சிலர்தான். பணி ஓய்வுக்குப் பிறகு பதிவு செய்துகொண்ட ஒரு தாசில்தார் இருந்தார். சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். சர்வேயர் கூண்டில் ஏறினால் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். செவிலியராக வேலை பார்த்துவிட்டு வந்தவர் ஒருவர். காயச் சான்றிதழில் டாக்டர் எழுதியிருப்பதை மற்றவர்கள் அகராதி பார்த்துப் படித்துக்கொண்டிருக்க, காயம் எத்தனை மணி நேரத்துக்கு முந்தையது என்று அவர் கேள்வியைத் தயாராக வைத்திருப்பார். சப்-இன்ஸ்பெக்டராக இருந்து வந்தவருக்கு, ஸ்டேஷனில் மகஜர் எந்த நேரத்தில், யார் கையெழுத்தோடு தயாராகும் என்று தெரியும். பீடி சுற்றும் வீட்டிலிருந்தும், பனையேறும் குடும்பத்திலிருந்தும், ரேஷன் கடை ஊழியரின் வீட்டிலிருந்தும் வந்தவர்கள் இருந்தார்கள். 1996இல் திருநெல்வேலியில் அரசு சட்டக் கல்லூரி வந்த பிறகு இது இன்னும் வேகமாக நடந்தது. அதற்கு முன்பு சட்டம் படிக்க ஊரைவிட்டு வெகுதூரம் போக வசதியில்லாத வீடுகளிலிருந்து, முதல் தலைமுறைப் பிள்ளைகள் வந்தார்கள்.

இது புதிதில்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். வ.உ.சிதம்பரனாரை நாம் கப்பலோடு சேர்த்தே நினைக்கிறோம். அவர் சட்டம் படிக்கப் போகுமுன் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். ஒட்டப்பிடாரத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கி, பிறகு தூத்துக்குடிக்குப் போய், ஏழைகளின் கிரிமினல் வழக்குகளை எடுத்து நடத்தினார். உயர் நீதிமன்றத்துக்குப் போன பாரிஸ்டர் அல்லர் அவர். உங்களைப் போலச் சின்ன ஊரின் விசாரணை வக்கீல். 1908இல் திருநெல்வேலி செஷன்ஸ் கோர்ட்டில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தபோது, பிழைப்புக்கான வக்கீல் சன்னதும் போயிற்று. சிறையிலிருந்து வந்த பிறகு எத்தனையோ சிரமங்களுக்கு நடுவே, வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால்தான் அது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். திரும்பக் கிடைத்த சன்னதோடு அவர் போய் உட்கார்ந்தது கோவில்பட்டி கோர்ட்டில். செக்கிழுத்த கையால் மறுபடி கேஸ் கட்டைத் தூக்கியதை, அவருடைய தியாகத்தின் கடைசி அத்தியாயமாக யாராவது விரிவாக எழுத வேண்டும் என்பது என் ஆசை.

மதுரையில் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்து, எடின்பரோவில் தத்துவம் படித்து, லண்டனில் பாரிஸ்டர் ஆகித் திரும்பியவர், மதுரையில் தொழில் நடத்தினார். 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த கள்ளர் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அந்த மக்களுக்காக நின்றவர். அவர்கள் அவரை ‘ரோசாப்பு துரை’ என்றார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு ரோசாப்பு என்று பெயரும் வைத்தார்கள். ஒரு வக்கீலுக்கு இதைவிடப் பெரிய ஃபீஸ் என்ன இருக்கிறது? அதே மதுரை பாரில் இருந்த அ.வைத்தியநாத அய்யரும் முதலில் பள்ளி ஆசிரியர்தான். 1939இல் ஒடுக்கப்பட்ட மக்களை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றபோது, கோர்ட்டில் வாதாடிப் பழகிய அந்தத் துணிவு அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பழைய வேலை, பழைய வாழ்க்கை, கூண்டில் நிற்கும் சாட்சியின் முன்னால் எப்படி வேலை செய்யும் என்று ஒரு வழக்கைக்கொண்டு சொல்கிறேன். ஊரையும் பேரையும் விட்டுவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்தில் நடந்தபோது, ராத்திரி வகுப்பில் வயதுவந்த பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த கல்லூரி மாணவி ஒருவர், பின்னாளில் சட்டம் படித்து எங்கள் வக்கீலய்யாவிடம் ஜூனியராகச் சேர்ந்தார். அவரிடம் ஒரு விதவைப் பெண்மணி வந்தார். அவர் தன் தோட்டத்தை விற்கச் சம்மதித்து முன்பணம் வாங்கி, கிரய ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்ததாக ஒருவர் வழக்குப் போட்டிருந்தார். பத்திரத்தில் ரேகை இருந்தது. மை அப்பிக் கிடந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை என்று நிபுணர் அறிக்கையும் வந்துவிட்டது.

வக்காலத்தில் ஒப்பம் வாங்க, பழக்கத்தில் என் அப்பா மைப்பெட்டியை நகர்த்தினார். அந்த அம்மா அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனாவைக் கேட்டார். எழுத்து எழுத்தாக, ஒவ்வொன்றையும் வரைந்து முடித்து, நிமிர்ந்தார். பக்கத்தில் நின்ற ஜூனியரம்மாவுக்கு அந்தக் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இது வளர்ந்த பிறகு கற்றுக்கொண்ட கை என்று. இப்படிக் கற்றுக்கொண்டவர்கள் அதற்கப்புறம் ஒருநாளும் மைப்பெட்டியைத் தொட மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். எங்கே படித்தீர்கள், எந்த வருஷம், படித்த பிறகு எதிலெல்லாம் கையெழுத்துப் போட்டீர்கள் என்று ஒரு மணி நேரம் கேட்டார். மகளிர் சுயஉதவிக் குழுவின் தீர்மான நோட்டு கிடைத்தது. ஒப்பந்தத் தேதிக்கு முன்னும் பின்னும், வாரா வாரம், அதே வரைந்த கையெழுத்து.

பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் குறுக்கு விசாரணைக்கு வந்தார். சீனியர், இதை நீயே செய் என்று ஒதுங்கிக்கொண்டார். நோட்டைப் பற்றி ஜூனியரம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண்மணி ரேகை வைத்ததை நேரில் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன். கையெழுத்துப் போடச் சொல்லவில்லையா? “அதுக்கு எழுத்து தெரியாதுல்லா.” எப்படித் தெரியும்? “ஒரே தெருதான. எந்நாளும் கைநாட்டுதான் வைக்கும்.” ஒருமுறைகூடக் கையெழுத்துப் போட்டு நீங்கள் பார்த்ததில்லை? இல்லை. போட்டிருக்கவும் முடியாது என்கிறீர்கள்? முடியாது. அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். கோர்ட்டில் இருந்த பாதிப் பேருக்கு ஏன் உட்கார்ந்தார் என்று புரியவில்லை என அப்பா சொல்வார். அடுத்த கட்டத்தில் குழுத் தலைவி நோட்டோடு பிரதிவாதி தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறினார்.

வழக்கு தள்ளுபடி ஆனது. மேல்முறையீட்டில் சப் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் போட்ட இரண்டாம் மேல்முறையீடு ஆரம்பத்திலேயே நிற்கவில்லை. மேலே போனவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பப் படித்தது அந்தச் சில பக்கச் சாட்சியத்தைத்தான்.

உங்களுக்கு நன்றி சொல்ல என்னிடம் இருக்கும் முதன்மையான காரணம் இதுதான். வழக்கின் உண்மை உங்கள் கோர்ட்டில்தான் பதிவாகிறது. இரண்டாம் மேல்முறையீட்டில் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே உயர் நீதிமன்றம் உள்ளே போகும். மேல் கோர்ட்டில் புதுச் சாட்சியம் கொடுக்க எளிதில் அனுமதி கிடைக்காது. நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வியை டில்லியில் எவ்வளவு பெரிய வக்கீல் வந்தாலும் கேட்க முடியாது. கிரிமினல் வழக்கில் இது இன்னும் கூர்மை. போலீசிடம் சொன்னதற்கும் கூண்டில் சொல்வதற்கும் உள்ள முரண்பாட்டை அங்கேயே, அந்தச் சாட்சியிடமே காட்டிப் பதிவு செய்யவில்லை என்றால், அந்த முரண்பாடு சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஆளின் ஆயுள் அந்தப் பதிவில் தொங்கும்.

அதையும் நீங்கள் சாட்சியின் தமிழில் செய்கிறீர்கள். கீழமை நீதிமன்றங்களில் தமிழை மொழியாக்கிய 1976ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் இருக்க வழி பிறந்தது. ‘அந்திக் கருக்கல்’ என்று ஒரு பாட்டி சொன்னால் அது எத்தனை மணி, முகம் தெரியும் வெளிச்சமா தெரியாத வெளிச்சமா என்று தோண்டிக் கேட்கிறவர் நீங்கள். ‘மேல வரப்பு’ என்றால் மேற்கு என்று தெரிந்து கேட்கிறவர் நீங்கள். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து டைப் செய்து மேலே போகும் கட்டில் அந்தப் பாட்டியின் சொல் காணாமல் போகலாம். உங்கள் கோர்ட்டில் அது உயிரோடு இருந்தது.

வாச்சாத்தி வழக்கை நினைத்துப் பார்க்கிறேன். 1992 ஜூனில் அந்த மலையடிவாரக் கிராமத்தில் பழங்குடிப் பெண்களுக்குச் சீருடை போட்டவர்கள் செய்த கொடுமைக்கு, தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29 அன்று. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்களின் உறுதிக்கு முன்னால் வேறு எதுவும் பெரிதில்லை. ஆனால் அவர்கள் சீருடை போட்டவர்களின் எதிரில் நின்று சொன்னதைச் சொன்னபடி பதிவாக்க, ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

உங்கள் இளமைக் காலத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜூனியர்கள் வருவார்கள். கட்சிக்காரர்கள் சீனியரிடம் பேசுவதை ஓரமாக நின்று குறித்துக்கொள்வார்கள். மறுநாள் காலையில் கேஸ் கூப்பிடும்போது எழுந்து வாய்தா கேட்பார்கள். வெள்ளைச் சட்டையின் காலர் வெளுத்து நைந்திருக்கும். பஸ் கட்டணத்துக்கு மேல் கையில் ஒன்றும் மிஞ்சாத வருஷங்கள் அவை. ஊரில் கூடப் படித்தவன் கம்பெனியில் சேர்ந்து வீடு கட்டிக்கொண்டிருப்பான். இங்கே பெண் பார்க்கப் போன இடத்தில் “இன்னும் ஜூனியர்தானா?” என்பார்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்றது. மிகவும் நியாயம். ஆனால் எங்கள் ஊர் சீனியர்களில் பலருக்கே அந்த அளவு நிலையாகக் கையில் நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். இதில் அரசும் பார் கவுன்சிலும் தோள் கொடுக்காவிட்டால், முதல் தலைமுறைப் பிள்ளைகள் இரண்டாம் வருஷத்திலேயே தொழிலை விட்டுப் போய்விடுவார்கள். தாசில்தாரின் அறிவும் செவிலியரின் அறிவும் பனையேறும் வீட்டின் அறிவும் கோர்ட்டுக்குள் வருவது அப்போது நின்றுவிடும். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

பெண் வக்கீல்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெண் என்பதற்காகவே வக்கீல் தொழிலுக்கு வரவிடாமல் வைத்திருந்த தடையை 1923ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. நூறு வருஷம் கடந்தும், சில தாலுகா கோர்ட் வளாகங்களில் உங்களுக்கென்று ஒழுங்கான கழிப்பறை இல்லை. காலையில் தண்ணீர் குடிக்காமல் கிளம்பி, மூன்று மணிவரை நின்று கிராஸ் செய்துவிட்டு, வீடு போய் அடுப்பு மூட்டியவர்களை நான் அறிவேன். குடும்ப வழக்கோடு வரும் பெண்கள் உங்களைத் தேடி வந்து, “வக்கீலம்மா” என்று ஆரம்பித்து, வேறு யாரிடமும் சொல்லாததைச் சொல்லியிருக்கிறார்கள். அதில் எதைப் பிராதில் எழுத வேண்டும், எதை உங்கள் மனசோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் பிரித்துப் பார்த்தீர்கள். அந்தப் பக்குவத்துக்கு நன்றி.

இலவச சட்ட உதவியில் வரும் வழக்குகளை முழு மனதோடு நடத்தியவர்களுக்கும் நன்றி. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்போர் எவருக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் கிடைக்க வேண்டும். கிடைக்கும் கட்டணம் சொற்பம். கடமைக்கு வந்து போகிறவர்களும் உண்டு; கட்சிக்காரர் கொடுத்த பணத்துக்குக் கணக்குச் சொல்லாதவர்களும், வாய்தாவையே வருமானமாக்கியவர்களும் உண்டு. அவர்களை இந்த மடலில் சேர்க்கவில்லை. ஜாமீன் உத்தரவு வந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் சப் ஜெயிலில் கிடந்த கூலித் தொழிலாளிக்காக, அவன் ஊருக்கே பஸ் ஏறிப்போய் வீட்டு வரி ரசீதோடு ஆள் கூட்டிக்கொண்டு வந்தாரே ஒருவர், அவரைச் சேர்த்திருக்கிறேன்.

இப்போது புதுச் சட்டங்கள் வந்துவிட்டன. 2024 ஜூலை 1 முதல் கொலைக்கு 302 போய் 103 வந்தது. மோசடிக்கு 420 போய் 318 வந்தது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தை எண் எண்ணாக வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்த வாய்கள், எழுபது வயதில் மறுபடி பாடம் படிக்கின்றன. பழைய வழக்குக்குப் பழைய எண், புது வழக்குக்குப் புது எண் என்று இரண்டையும் ஒரே நாளில் பேச வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் பார் அசோசியேஷன் அறையில் ஒரு மூத்த வக்கீல், தன் பேத்தி வயதுள்ள ஜூனியரிடம், “ஏம்மா, நம்ம இருபத்தேழு இப்ப எங்க போய் உக்காந்திருக்கு?” என்று கேட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருந்தார். போலீஸ் காவலில் இருப்பவர் சொன்னதை வைத்துக் கண்டெடுப்பது பற்றிய அந்தப் பழைய 27ஆம் பிரிவை வைத்துத்தான் அவர் எத்தனையோ வழக்குகளை நடத்தியவர். ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அவர் மறுபடி படிப்பது, அவரை நம்பி வரும் அடுத்த கட்சிக்காரருக்காக.

கடைசியாக, எங்கள் வீட்டு நன்றி. மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. தாக்கல் இல்லை, நகல் இல்லை, குமாஸ்தாவுக்கு வரும்படியும் இல்லை. பள்ளிக்கூடம் திறப்பதோ ஜூனில். எங்கள் வக்கீலய்யா ஏப்ரல் கடைசி வேலை நாளில் அப்பாவைக் கூப்பிட்டு, மே மாதச் சம்பளத்தை முழுதாக ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார். அவருக்கும் அந்த மாதம் ஒரு பைசா வராது. கோர்ட் புறக்கணிப்பு வாரக்கணக்கில் நீண்ட வருஷங்களிலும் அது நிற்கவில்லை. அதே மே மாதங்களில், வேலையில்லாமல் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்த ஜூனியர்கள் எனக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் இன்று மாவட்ட நீதிபதி, ஒருவர் அரசு குற்றவியல் வழக்கறிஞர், இன்னொருவர் இப்போதும் அதே தாலுகா கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறார். நான் பள்ளி ஆசிரியை ஆனதில் அந்தக் கவருக்கும் அந்த இலக்கணப் பாடத்துக்கும் பங்கு உண்டு. மூவருக்கும், ஐயாவின் குடும்பத்துக்கும், இதைப் படிக்கும் உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தாவின் மகள்